ஹார்ட் டிஸ்க்கில் குறுக்குச் சுவர்

"பாதின்னா சரி பாதி. ஒரு இணுக்கு கூடக் குறையக் கூடாது. அவன்கிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார் பெரிய மச்சான்.

"எனக்கும் பாதி வந்தா போதும். அவர்கிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார் சின்ன மச்சான்.

இருவருக்கும் நடுவே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் மாப்பிள்ளை. அவருக்கு எதிரே, தன்னை இரண்டாகக் கூறு போடப் போகிறார்கள் என்பது தெரியாமல், கடையின் ஒரே கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

அது பெயர்ப்பலகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. சின்ன மச்சான் கம்ப்யூட்டரில் எழுத்தையும் படத்தையும் வரைந்து கொடுப்பார். பெரிய மச்சான் அதை மெஷினுக்கு அனுப்பி, ஸ்டிக்கர் ஷீட்டில் வெட்டி எடுத்துப் பலகையில் ஒட்டுவார். வெட்டி மிஞ்சிய எழுத்துகளை வீணாக்க மனமில்லாமல் சுவரெங்கும் ஒட்டி வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துப் பார்த்து அர்த்தம் தேடித் தலையைச் சொறிவது வழக்கம். மூலையில் ஒரு பிரிண்டர், அடியில் மைக்கறை படிந்த ஒரு பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளையால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வலது முழங்கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை, வீட்டில் இருக்கும் ஓர் அறை.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் மனைவி போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"கேட்டீங்களா? எங்க அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சாம்!"

"ஏன்?"

"கம்ப்யூட்டராலதான். பெரியவர் விண்டோஸ்தான் வேணுங்கறாராம், அவர் எழுத்து வெட்டற புரோகிராம் அதுலதான் ஓடுமாம். சின்னவர் லினக்ஸ்தான் வேணும்னு நிக்கிறாராம், படம் வரைய அதுதான் தோதாம். இன்னிக்கு விடிஞ்சதும் சண்டை வெடிச்சு, கடையைப் பிரிச்சுக்கலாம்னு பேச்சு வந்துடுச்சாம். அம்மா ஒரே அழுகை."

"அடடா."

"அடடாவா? அவங்க பிரிஞ்சா அம்மா யார்கிட்ட இருப்பாங்க? ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது நம்ம வீடுதான். உங்க ரூமைத்தான் ஒழிச்சுக் கொடுக்கணும்."

மாப்பிள்ளை வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார். அந்த அறை அவருடைய உயிர். ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, அலமாரி நிறையப் பழைய ஒயர்கள், எந்தக் காலத்திலும் எதற்கும் உதவாத சில சர்க்யூட் போர்டுகள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. மாமியார் நல்லவர்தான். ஆனால் அவர் இருக்கும் இடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெரிய ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவர். இப்படி ஒருவர் குடும்பத்தில் இருந்தால் என்ன ஆகும்? சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் ஓட்டை கம்ப்யூட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். 'நான் என்ன ரிப்பேர் கடையா வச்சிருக்கேன்?' என்பது அவருடைய தீராத மனக்குறை. போன மாதம் பெரிய மச்சான், "கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது, ஒரு நடை வந்து பாருங்களேன்" என்று கேட்டபோது ஆபீசில் தலைக்கு மேல் வேலை என்றார். அடுத்து சின்ன மச்சான், "பக்கத்துல லினக்ஸையும் ஏத்திக் கொடுங்களேன்" என்று கெஞ்சியபோது முதுகு பிடித்துக்கொண்டது என்றார். மூன்றாவது முறை போனையே எடுக்கவில்லை.

ஆனால் தகராறு என்று காதில் விழுந்தால் போதும், ஆளே வேறு. சமாதானம் செய்து வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. மாமியாரும் பெரிய மருமகளும் துணி துவைக்கும் மெஷினை வைத்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டபோது விழுந்தடித்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். "மெஷின்ல அடைப்பு எடுத்தது பெரிசில்ல. மனசுல அடைப்பு எடுத்தேன் பாருங்க, அதான் பெரிசு" என்று ஆபீசில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார். அதற்கப்புறம் வந்த தண்ணீர் மோட்டார் தகராறும் அவர் கையால்தான் தீர்ந்தது.

ஆகவே இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

"இதோ பாருங்க மச்சான், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க" என்று தொண்டையைக் கனைத்தார். "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் இருக்கறதில்லையா? அந்த மாதிரிதான். இந்த ஹார்ட் டிஸ்க்குக்குக் குறுக்கே ஒரு சுவர் வைக்கிறோம். இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ். ஆன் பண்ணினதும் யார் வேணும்னு அதுவே கேட்கும். யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"அவன் சுவரை என் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுவான். நீங்க அசைஞ்சு கொடுக்காதீங்க" என்றார் பெரியவர்.

"முதல்ல இருக்கறதையெல்லாம் வேற எங்கயாவது நகல் எடுத்து வைக்கணும். சுவர் வைக்கும்போது ஏதாவது இடிஞ்சு விழுந்தா..."

"அதெல்லாம் நேத்தே எடுத்து வச்சாச்சு" என்று சின்னவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "லினக்ஸும் இந்தப் பென் டிரைவ்ல ரெடியா இருக்கு."

காலையில் வெடித்த சண்டைக்கு நேற்றே எப்படி நகல் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை கேட்கவில்லை. அவர் மனசு முழுக்கச் சாய்வு நாற்காலியில் இருந்தது.

அளவு போட்டார்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் தெரிந்த விண்டோஸின் நீலப் பட்டையையும் லினக்ஸின் பச்சைப் பட்டையையும் ஸ்கேல் வைத்து அளந்தார். சின்னவரும் வேறொரு ஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். பச்சை ஒரு நூல் கூடுதல் என்று பெரியவர் முகம் சிவந்தது. மாப்பிள்ளை எண்ணைத் தட்டிச் சரி பாதி ஆக்கிக் காட்டியதும்தான் இரண்டு ஸ்கேலும் கீழே இறங்கின.

லினக்ஸ் ஏறியது. கம்ப்யூட்டர் ஒரு முறை அணைந்து எழுந்து, இரண்டு வரிகளைக் காட்டிக் கேள்வி கேட்டது. மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது.

"மேல லினக்ஸ் இருக்கே" என்றார் பெரியவர். "மூத்தவன் நான் கீழயா?"

"அது வெறும் வரிசைதான் மச்சான்."

"வரிசைன்னா எல்லாமே வரிசைதான். யாரும் பட்டனைத் தொடலைன்னா எது வரும்?"

"மேல இருக்கறது."

"பார்த்தீங்களா!"

மாப்பிள்ளை விண்டோஸை மேலே தூக்கி வைத்தார். இப்போது சின்னவர் முகம் தொங்கியது. "அப்ப நான் தினமும் காலையில ஓடி வந்து பட்டனை அமுக்கணும். அவர் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்" என்றார். மாப்பிள்ளை அதையும் மாற்றினார். கடைசியாக யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களே மறுபடி வருவார்கள் என்று ஏற்பாடு செய்தார். இரண்டு பேரும் வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்டினார்கள்.

அப்போது துணித் திரையை விலக்கிக்கொண்டு பெரிய மச்சானின் மனைவி டீ கொண்டு வந்தார். சண்டை நடக்கும் வீட்டில் இருப்பவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே வைத்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போனார். சின்னவர் ஒரு டம்ளரை எடுத்துத் தன்னையறியாமல் அண்ணனிடம் நீட்ட, பெரியவரும் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டார். பிறகு இருவரும் திடுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

'பாசம் எங்கே போகும்?' என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். ஜெயித்துவிடலாம் என்று நம்பிக்கை பிறந்தது.

"இப்ப உங்க பக்கம் போய்ப் பாருங்க மச்சான்."

பெரியவர் விண்டோஸுக்குள் போனார். மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மூலையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நாம இன்னும் கடையே திறக்கலைன்னு காட்டுது. பாகத்தைத்தான் எடுத்துக்கிட்டான். என் நேரத்தையுமா எடுத்துக்குவான்?"

"அது ஒண்ணும் இல்ல மச்சான். லினக்ஸ் மணியை ஒரு மாதிரி எழுதி வைக்கும், விண்டோஸ் வேற மாதிரி படிக்கும்..."

"அதான் சொல்றேன். உள்ள வந்த முதல் நாளே கடிகாரத்துல கை வைக்குதுன்னா, நாளைக்கு என்னென்ன பண்ணும்?"

மாப்பிள்ளை ஒரு கட்டளையைத் தட்டிக் கடிகாரங்களுக்கு ராசி பண்ணி வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு? பிரிஞ்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. முடிச்சுட்டேன்."

"சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தான், உங்க சாய்வு நாற்காலியை மொட்டை மாடிக்கு ஏத்திட்டேன்."

"ஏன் அதுக்குள்ள..." என்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை எழுந்து வாசல் வரை நடந்தார். திரும்பி மெஷின் வரை வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

"மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி வேலை எங்க இருக்குன்னு அவன்கிட்ட கேளுங்க" என்றார் பெரியவர்.

புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் கதவுக்குக் கதவு ஒட்ட வேண்டிய எழுத்துகள் அவை. சாயங்காலம் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை டீ குடித்த இடைவெளியில், சின்னவர் லினக்ஸில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை வரைந்து முடித்து அங்கேயே சேமித்துவிட்டார்.

"என் பக்கத்துலதான் இருக்கு. எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார் சின்னவர்.

"இங்கேயிருந்து அவன் பக்கம் தெரியவே இல்லையே!"

"விண்டோஸ்லேருந்து லினக்ஸ் பக்கம் தெரியாது மச்சான்" என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

"அப்ப நான் என் பக்கத்துலேருந்து அவர் பக்கம் கொண்டு போய் வைக்கிறேன்" என்று சின்னவர் லினக்ஸுக்கு மாறினார். அங்கேயிருந்து அண்ணன் பக்கம் தெரிந்தது. ஆனால் எதையும் வைக்க விடவில்லை.

"பாருங்க மாப்பிள்ளை, பூட்டிட்டுப் போயிருக்கார்! பார்க்கலாம், தொடக் கூடாதாம்!"

"நான் எங்கடா பூட்..." என்று ஆரம்பித்த பெரியவர் சட்டென்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நான் எங்க பூட்டினேன்னு கேளுங்க."

விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் அரைக்கண் மூடிக் கிடந்தால் இப்படித்தான் நடக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்த அரைத்தூக்கத்தை நிறுத்தினாலே போதும். சாதாரண ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஆனால் அவர் சமாதானம் செய்ய வந்தவர். இரண்டு பங்காளிகளுக்கு நடுவே எப்போதும் போய்வர ஒரு பொது வழி வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தாலே காரியம் முடிந்திருக்கும் என்பது, பெருந்தன்மை தலைக்கேறிய அந்த நேரத்தில், அவர் மூளைக்கு எட்டவில்லை.

"ரெண்டு பேரும் உங்க பங்குலேருந்து கொஞ்சம் விட்டுக் கொடுங்க. நடுவுல ஒரு பொது இடம் வைக்கிறேன். யார் எதை வச்சாலும் அடுத்தவருக்குத் தெரியும்" என்றார் கம்பீரமாக.

"அவன் எவ்வளவு விடறானோ அவ்வளவு நானும் விடுறேன்."

"அவர் விடட்டும் முதல்ல."

மறுபடியும் ஸ்கேல்கள் வந்தன. மாப்பிள்ளை சுவரை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார், நடுவில் ஒரு சந்து விட்டார். பச்சை நகர்ந்தது, நீலம் சுருங்கியது. எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார்.

கன்னங்கரேல் என்று ஒரு திரை. மேலே ஒரே ஒரு வரி. அந்த வரியில், காப்பாற்றுவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்தது. யார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் போடவில்லை.

மாப்பிள்ளை அணைத்து மறுபடி எழுப்பினார்; அதே வரி.

"என்ன மாப்பிள்ளை, ரெண்டு பேரையும் காணோம்?" என்றார் பெரியவர் மெதுவாக.

"இருங்க, இருங்க. இருக்காங்க. எங்கயும் போகல."

துணித் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "என்னப்பா, முடிஞ்சுதா? நான் துணிமணியை எடுத்து வைக்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம் அத்தே! வேண்டவே வேண்டாம்!" என்று மாப்பிள்ளை அலறினார்.

போன் அடித்தது. எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது.

"மேஜையையும் நகர்த்தியாச்சு. அம்மாவோட கட்டில் போட்டா சரியா இருக்கும்" என்றாள் மனைவி. "அலமாரியில என்னங்க இவ்வளவு ஒயர்? பழைய சாமான் எடுக்கறவர் தெருவுல நிக்கிறார், கொடுத்துடட்டுமா?"

"கொடுத்துடாதே! நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே!"

பென் டிரைவை மறுபடி சொருகினார். ஒரு கட்டளையைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். ஆபீசில் இதே கோளாறு வந்தால் கீழே இருப்பவர்களிடம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் அவர். இங்கே தள்ளிவிட ஆள் இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நின்றுகொண்டே தட்டினார். பெரியவர் ஒரு பக்கமும் சின்னவர் ஒரு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

கடைசியில் லினக்ஸ் எழுந்து வந்தது. சின்னவர் பெருமூச்சு விட்டார்.

"என்னோடது எங்கே?" என்றார் பெரியவர்.

விண்டோஸைக் காணவில்லை. கேள்வி கேட்கும் அந்த வரிசையில் லினக்ஸ் மட்டும் தனியாக நின்றது.

"இருக்கு மச்சான். டிஸ்க்ல பத்திரமா இருக்கு. வரிசையிலதான் பேர் விட்டுப் போச்சு."

"பேர் இல்லாத பங்கு என்ன பங்கு?" பெரியவரின் குரல் கம்மியது. "சரி மாப்பிள்ளை. விடுங்க. ஆஸ்பத்திரி வேலையும் போச்சு. அந்த வேலை கை நழுவினா, அதோட அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு நீங்களே..."

"போகாது! வேலை போகாது!" மாப்பிள்ளை கிட்டத்தட்ட அவர் வாயைப் பொத்தினார்.

அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெடியாங்க? நாளைக்குத் திறக்கறாங்க. எந்தக் கதவுல எந்த டாக்டர்னு எங்களுக்கே தெரியல."

"இதோ வெட்டிக்கிட்டே இருக்கோம். உட்காருங்க" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வரிசையில் விண்டோஸின் பெயரை முதலில் சேர்த்திருக்கலாம். பதற்றத்தில் இருக்கிறவருக்குக் கையில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். கையில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய புரோகிராமை லினக்ஸுக்குள்ளேயே ஓட வைக்கவும் ஒரு வழி உண்டு. அதற்கு ஒயின் என்று பெயர். ஆனால் மாமியார் திரைக்குப் பின்னால் நிற்கும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாப்பிள்ளைக்கு நாக்கு எழவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாலம் போடுறேன்" என்று மழுப்பிவிட்டு அதை இறக்கினார்.

பெரியவரின் வெட்டும் புரோகிராம் சின்னவரின் பக்கத்தில், அதே பழைய மஞ்சள் ஜன்னலோடு, திறந்தது.

"அட, என் வீட்டுக் கதவு!" என்று பெரியவர் வாயைப் பிளந்தார்.

மெஷினோடு இணைக்க ஒரு போராட்டம். ஒயரைப் பிடுங்கி, மாற்றிச் சொருகி, அனுமதி கொடுத்து, ஒரு வழியாக மெஷின் 'உய்' என்று ஒரு சத்தம் போட்டது. பெரியவர் ஷீட்டை நுழைத்தார். மாப்பிள்ளை பட்டனை அமுக்கினார். கத்தி சரசரவென்று ஓடியது. மாப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் சங்கீதமாகக் கேட்டது. சாய்வு நாற்காலி மாடிப்படி வழியாக இறங்கி வருவதாகவே தோன்றியது.

ஷீட் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்காரர் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ரூமுங்க?"

ஷீட் முழுக்கக் கட்டங்கள். வரிசை வரிசையாக, அளவு பிசகாமல், ஒரே மாதிரி வெறும் கட்டங்கள். 'ரத்தப் பரிசோதனை' இருக்க வேண்டிய இடத்தில் கட்டம். 'குழந்தைகள் பிரிவு' இருக்க வேண்டிய இடத்திலும் கட்டம். மெஷின் நிற்காமல் அடுத்த கதவுக்கான கட்டங்களை வெகு சுறுசுறுப்பாக வெட்டிக்கொண்டிருந்தது.

"டேய், ஷீட்டு போகுதுடா! நிறுத்துடா!" என்று பெரியவர் கத்தினார்.

"நீ கத்தியைத் தூக்குண்ணா! நான் ஸ்விட்சை அணைக்கிறேன்!" என்று சின்னவர் பாய்ந்தார்.

மெஷின் நின்றது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மெல்ல இருமினார்.

"ஷீட்டு ஏன் இப்படி ஆச்சுன்னு அவன்கிட்ட கேளுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளைக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்தது. பேசிவிட்டார்கள்! வாய் தவறியென்றாலும் பேசிவிட்டார்கள்! இன்னும் ஒரே ஒரு தள்ளு. தள்ளினால் அறை அவருடையது.

கோளாறு என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எழுத்து வகைகள் எல்லாம் விண்டோஸ் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்த புரோகிராம் வெறுங்கையோடு வந்திருக்கிறது. எழுத்து தெரியாதவனைக் கையெழுத்துப் போடச் சொன்னால் ஏதோ கிறுக்குவது போல, அது கட்டம் போட்டுவிட்டது.

"பெரிய மச்சான்" என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "உங்க எழுத்தெல்லாம் உங்க பங்குல இருக்கு. அதுல கொஞ்சம் தம்பிக்குக் கொடுத்தாத்தான் இந்த வேலை நடக்கும். கொடுப்பீங்களா?"

பெரியவர் தரையைப் பார்த்தார். சின்னவர் உத்தரத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார்.

"கொஞ்சம் என்ன மாப்பிள்ளை, எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார் பெரியவர். "நான் யாருக்காகச் சேர்த்து வச்சேன்?"

மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுத்துகளையெல்லாம் நகல் எடுத்து இந்தப் பக்கம் கொண்டு வந்தார். மறுபடி ஷீட். மறுபடி பட்டன். கத்தி ஓடியது. 'ரத்தப் பரிசோதனை' கொம்பும் காலும் குறையாமல் வந்து விழுந்தது. அடுத்தடுத்து எல்லாக் கதவுகளும் வந்தன. ஆஸ்பத்திரிக்காரர் சுருட்டிக் கையில் வாங்கிக்கொண்டு, வெட்டிய கட்டங்களிலும் ஒரு துண்டை ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.

இனிமேல் பதற்றமில்லை. மாப்பிள்ளை நிதானமாக ஒரு கட்டளையைத் தட்டினார். விண்டோஸ் வரிசையில் தன் இடத்துக்கு வந்து நின்றது. அணைத்து, எழுப்பி, இரண்டு பக்கமும் போய் வந்து காட்டினார். கடிகாரம் சரி. பொது வழி சரி. முன்பு தேங்கித் தேங்கி வந்த கம்ப்யூட்டர் இப்போது கூப்பிட்டதும் ஓடி வந்தது. போகிற போக்கில், அதன் காற்றாடியில் அப்பியிருந்த தூசியையும் ஊதி எடுத்துவிட்டார்.

"டீ குடிக்கிறியாடா?" என்றார் பெரியவர், தம்பியை நேராகப் பார்த்து.

"நீ குடிச்சா நானும் குடிக்கிறேண்ணா."

மாமியார் திரையை விலக்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லேன்னா இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை அந்த இடத்தில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். சுவர் வைப்பது பிரிவதற்காக இல்லை என்றார். பொது வழி என்பது மனசில் இருக்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டரைச் சரி பண்ண ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உறவைச் சரி பண்ணத்தான் ஆள் இல்லை என்றார். அண்ணனும் தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அவர்களுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை இருவர் முதுகையும் தட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக மனைவியைக் கூப்பிட்டார். "முடிஞ்சுது! சேர்த்து வச்சுட்டேன்! நாற்காலியைக் கீழே இறக்கு."

"அப்படியா, சந்தோஷம்" என்றாள் மனைவி. அவளுக்கு ஆச்சரியம் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "ஆனா எடுத்ததையெல்லாம் மறுபடி உள்ள அடைக்க வேண்டாங்க. இப்பத்தான் ரூம் பார்க்க ரூம் மாதிரி இருக்கு."

அதைக் கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த முழங்கால் இப்போதுதான் நின்றிருந்தது. ஒரு குடும்பத்தை உடையாமல் காத்த மனிதருடைய நடையில் வண்டியை நோக்கிப் போனார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தலை காலியாக இருப்பது தெரிந்தது. ஹெல்மெட் கடைக்குள் மெஷின் மேல் இருந்தது.

திரும்பி நடந்தார். கடையில் யாரும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் டம்ளர்கள் உரசும் சத்தம், யாரோ அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம். மாப்பிள்ளை புன்னகையோடு ஹெல்மெட்டுக்குக் கையை நீட்டினார். அப்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்காத பெரிய மச்சானின் மனைவி பேசுவது கேட்டது.

"மாப்பிள்ளை கிளம்பிட்டாரா? இந்தப் பிரிண்டர் வேற மை கக்குதே... அதுக்கு அடுத்த வாரம் யாரு யாரோட பேசாம இருக்கணும்?"